சொதியை எப்படி வரைவது? படமொழி உருவாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சின்ன வயதில் எங்கள் வீட்டு வேட்டி சேலையெல்லாம் வெளுப்புக்குப் போய்த் திரும்பும்போது ஓரத்தில் கறுப்பாக ஒரு குறி இருக்கும். ஒரு கோடு, இரண்டு புள்ளி. சேங்கொட்டைப் பால் தொட்டுப் போட்டது. எத்தனை வெளுப்பு கண்டாலும் போகாது. அடுத்த வீட்டுக்கு வேறு குறி, தெருமுனைக் கடைக்காரர் வீட்டுக்கு இன்னொன்று. எழுத்தே இல்லாமல் ஒரு தெருவையே குறித்து வைத்திருந்தார் அந்தச் சலவைத் தொழிலாளி. எங்கள் வீட்டுக்கு ஏன் அந்தக் குறி என்று எங்களுக்கே தெரியாது. அவருக்குத் தெரிந்தால் போதும், வேட்டி வீடு வந்து சேர்ந்துவிடும்.

உலகத்துக்கெல்லாம் பொதுவாகப் படத்தாலேயே ஒரு மொழி செய்யக் கிளம்பியவர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வேட்டி ஓரம்தான் ஞாபகம் வரும். படம் பார்த்ததுமே புரிந்துவிடும் என்று அவர்கள் நம்பினார்கள். படம் தானாகப் பேசாது. இரண்டு பேர் உட்கார்ந்து "இது இதுதான்" என்று ஒத்துக்கொண்டால்தான் பேசும்.

நான் இதில் இறங்கியது ஆராய்ச்சிக்காக இல்லை. ஆச்சிக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின. நாம் சொல்வது விளங்கும்; பதில் வாயில் வராது. படத்தைத் தொட்டுக் கேட்கட்டும் என்று அவளுக்கு ஓர் அட்டை செய்யத் தொடங்கினேன். அதே வருஷம் தாழையூத்துப் பக்கம் ஹாலோ பிளாக் பட்டறை வைத்திருக்கும் நண்பன், ஒடிசாவிலிருந்து வந்த ஆட்களோடு பேச வழி தெரியாமல், "எனக்கும் ரெண்டு அட்டை போட்டுக் குடுலே" என்றான். இரண்டையும் செய்து, கெடுத்து, மறுபடி செய்ததில் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். பேச்சு போனவருக்காகச் செய்கிறீர்கள் என்றால் பேச்சுப் பயிற்சி தருபவரிடம் காட்டிக் கேட்டுக்கொண்டே செய்யுங்கள். அட்டை அந்தப் பயிற்சிக்கு மாற்று ஆகாது.

தொடங்கும் முன்: ஏற்கெனவே செய்து பார்த்தவர்கள்

மூன்று பேர் வேலையைத் தெரிந்துகொண்டால் பாதி தப்பைத் தவிர்த்துவிடலாம்.

சார்ல்ஸ் பிளிஸ் 1897இல் அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் செர்னோவிட்ஸ் நகரில் பிறந்த வேதிப் பொறியாளர். பல மொழிக்காரர்கள் ஒட்டாமல் வாழ்ந்த ஊர் அது. நாஜிகளின் டாஹாவ், புஹன்வால்ட் முகாம்களில் அடைபட்டு, வெளியே வந்து, போர்க்காலத்தில் ஷாங்காய் போய்ச் சேர்ந்தார். வெவ்வேறு பேச்சுக்காரர்கள் ஒரே சீன எழுத்தைப் படிப்பதைப் பார்த்ததும் அவருக்குப் பொறி தட்டியது. பிறகு ஆஸ்திரேலியாவில் குடியேறி 1949இல் தன் குறிமொழியைப் புத்தகமாகப் போட்டார். யாரும் சீண்டவில்லை. 1971இல் கனடாவின் டொராண்டோவில், பெருமூளை வாதத்தால் பேச முடியாத குழந்தைகளோடு வேலை செய்த ஷெர்லி மெக்நாட்டன் அந்தப் புத்தகத்தைக் கண்டெடுத்தார். உலக நாடுகளுக்காகச் செய்த மொழி ஒரு வகுப்பறையில்தான் உயிர் பெற்றது. பிளிஸ் அதில் பாதி சந்தோஷம்தான் பட்டார். அந்தக் கதை கடைசியில்.

இரண்டாவது ஆள் வியன்னாவின் ஓட்டோ நாய்ராத். 1925இல் அங்கே ஓர் அருங்காட்சியகம் தொடங்கி, மக்கள்தொகை, வீட்டு வசதி போன்ற கணக்குகளைச் சாதாரண ஜனங்களுக்குப் படமாகக் காட்டினார். வரைந்தவர் கெர்ட் ஆர்ன்ட்ஸ். இந்தப் பட முறைக்கு ஐசோடைப் என்ற பெயர் அப்புறம் 1930களில் வந்தது. இது பேச்சுக்குத் துணை நிற்கும் மொழி, பேச்சுக்குப் பதில் இல்லை என்பதில் நாய்ராத் தெளிவாக இருந்தார். அந்தத் தெளிவுக்காகவே அவரை எனக்குப் பிளிஸைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும்.

மூன்றாமவர் பெயர் நம் ஊரில் அவ்வளவாக யாருக்கும் தெரியாது. எம்.எஸ்.சேத்தி, தேர்தல் ஆணையத்தின் ஓவியர். நாட்டின் முதல் பொதுத்தேர்தல் நடந்த 1951-52இல் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்தான். வேட்பாளருக்கு ஒரு சின்னம் என்று கொடுத்ததால்தான் மற்றவர்கள் ஓட்டுப் போட முடிந்தது. பின்னாளில் வந்த சின்னங்களில் பலவற்றை பென்சிலில் வரைந்தவர் சேத்தி. சைக்கிளுக்கும் அதில் நிற்பவருக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்க வேண்டியதில்லை. அதுவும் எங்கள் வேட்டிக் குறி மாதிரிதான்.

முதல் படி: படம் வரையாதீர்கள், காது கொடுங்கள்

எல்லோரும் முதல் நாளே வரைய உட்கார்ந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான். இணையத்தில் இருந்து 200 படம் இறக்கி, அச்சடித்து, ஆச்சி முன்னால் பரப்பினேன். ஆச்சி கண்ணை மூடிக்கொண்டாள்.

மூன்று நாள் ஒரு நோட்டும் பேனாவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆள் எதைக் கேட்க முயல்கிறார், எதற்குக் கோபப்படுகிறார், எந்த நேரத்தில் என்று குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் நோட்டில் சேர்ந்தவை 34. தண்ணீரைவிட அதிகம் கேட்டது ஃபேனைத்தான்: கூட்டு, குறை, நிறுத்து. அப்புறம் புரட்டிப் படு, கண்ணாடி, கதவைச் சாத்து, அத்தை எங்கே, டிவியை மாற்று. "நான் சந்தோஷமாக இருக்கிறேன்" என்று யாரும் நாளுக்கு மூன்று தடவை சொல்வதில்லை. ஆனால் கடையில் கிடைக்கிற எல்லா அட்டையிலும் முதல் வரிசை அதுதான்.

பட்டறையில் 22 சொல் போதுமாக இருந்தது. தொடக்கத்தில் நாற்பதைத் தாண்டாதீர்கள். குறைந்தால் சேர்த்துக்கொள்ளலாம்; கூடினால் கண் தேடியே சோர்ந்துவிடும்.

இரண்டாம் படி: வரையக்கூடியதை வரைவது

பொருள்களுக்கு ஆர்ன்ட்ஸ் வழியே வழி. அவர் லினோலியத்தில் செதுக்கி அச்செடுத்தார், அதனால் கோடு தடிப்பாகவும் உருவம் நிழல் போல முழுக் கறுப்பாகவும் அமைந்தது. பக்கவாட்டுத் தோற்றம், ஒரே பொருள், பின்னணி கிடையாது. எண்ணிக்கை கூடினால் படத்தைப் பெரிதாக்கக் கூடாது, அதே படத்தைத் திரும்பப் போட வேண்டும். பட்டறையில் "மூணு மூட்டை" என்பதற்கு மூன்று மூட்டைதான். பெரிய மூட்டை வரைந்தால் பெரிய மூட்டையைத் தேடிப் போவார்கள்.

இலவசமாகக் கிடைக்கும் படங்களில் ஸ்பெயினின் அரகோன் அரசு வெளியிடும் அராசாக் தொகுப்பு நல்லது. வியாபாரத்துக்கு அல்லாமல் எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் வெளிநாட்டுத் தொகுப்பு எதை எடுத்தாலும் அப்படியே போடாதீர்கள். குளியல் என்றால் தொட்டி, சாப்பாடு என்றால் முள்கரண்டி, வீடு என்றால் கூரையில் புகைபோக்கி. நமக்கு வாளியும் கப்பும் வேண்டும். பிளிஸின் மொழியிலேயே கழிப்பறைக்குக் குறி நாற்காலியும் தண்ணீரும். குத்த வைத்து உட்காரும் ஊரில் நாற்காலியைப் பார்த்து யார் எழுந்து போவார்?

இப்போது சொதி, எங்கள் பக்கத்துத் தேங்காய்ப்பால் குழம்பு. ஆச்சிக்கு ஞாயிற்றுக்கிழமை சொதி வேண்டும். கிண்ணத்தில் வெள்ளையாக ஒன்றை வரைந்தால் பால், பாயசம், மோர், கஞ்சி எதுவாகவும் இருக்கலாம். தேங்காய் மூடி வரைந்தால் சட்னி. ஃபோட்டோ எடுத்துப் பார்த்தேன். மேலே மிதக்கிற முருங்கைக்காயை வைத்து ஆச்சி அதைச் சாம்பார் என்று எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது, சோற்றைக் காட்டினாள். கடைசியில் தீர்வு அவளிடமிருந்தே வந்தது. எங்கள் வீட்டில் சொதிக்கு எப்போதும் இஞ்சிப் பச்சடி உண்டு. அத்தை இஞ்சியைக் கையில் எடுத்ததும் ஆச்சி இடது கையால் கிண்ணத்தையும் இஞ்சியையும் மாறி மாறித் தொட்டாள். கிண்ணம், பக்கத்தில் கொம்பு கொம்பாக ஓர் இஞ்சி. எங்கள் வீட்டில் அதுதான் சொதி. கல்யாண வீட்டுப் பந்தியில் மறுவீட்டுச் சொதி சாப்பிட்டு வளர்ந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார். மதுரைக்காரர் இஞ்சி ரசம் என்பார். அது பரவாயில்லை, அட்டை மதுரைக்கு இல்லை.

மூன்றாம் படி: வரைய முடியாததைச் சேர்த்துக் கட்டுவது

இங்கேதான் பிளிஸ் கெட்டிக்காரர். சின்னச் சின்னக் குறிகளைச் செங்கல் மாதிரி அடுக்கினார். அலைக் கோடு தண்ணீர். கண்ணும் தண்ணீரும் சேர்ந்தால் அழுகை. இதயம் உணர்வு, இதயத்துக்குப் பக்கத்தில் மேல்நோக்கிய அம்பு சந்தோஷம், கீழ்நோக்கியது வருத்தம். குறியின் தலையில் சின்னக் கூரை போட்டால் அது வினைச்சொல், சின்னச் சதுரம் போட்டால் தொட்டுப் பார்க்கும் பொருள். ஒரு நூறு அடிப்படைக் குறியை வைத்து ஆயிரக்கணக்கில் சொல் கட்டலாம். முறையாகச் சின்ன வயதிலேயே கற்கிற குழந்தைக்கு இது பெரிய வரம்.

எண்பது வயதில் புதிதாகக் கற்பவருக்கு? நான் அந்த இதயத்தையும் மேல் அம்பையும் அட்டையில் போட்டேன். ஒரு வாரம் கழித்து, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஆச்சி அதைத் தொட்டாள். வீடே பூரித்துப்போனது. அத்தை வெளியூரில் இருக்கும் மாமாவுக்கு ஃபோன் போட்டு "அம்மை சந்தோஷமா இருக்காவ" என்று சொன்னாள். மறுநாளும் சாப்பாட்டுக்குப் பிறகு அதே படம். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, "ஆச்சி, நெஞ்சு கரிக்கா?" என்று கேட்டாள். ஆச்சி தலையை ஆட்டிய வேகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. நெஞ்சு, மேலே ஏறும் அம்பு. அவள் சரியாகத்தான் படித்திருக்கிறாள்.

அதனால் சேர்க்கைப் படம் எதைப் போட்டாலும் அதைப் பயன்படுத்தப் போகிறவரோடு உட்கார்ந்து கட்டுங்கள். தமிழ் ஏற்கெனவே வைத்திருக்கிற உடம்புப் பேச்சையும் பாருங்கள்: கோபம் மூக்கு நுனியில், பொறாமை வயிற்றில், பயம் தொடை நடுக்கத்தில். ஆச்சி அட்டையில் இப்போது கவலைக்குப் படம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் பெண்.

நான்காம் படி: சிலேடையில் விழாதீர்கள், அல்லது தெரிந்தே விழுங்கள்

ஆறு என்ற எண்ணுக்கு ஓடும் ஆற்றை வரையலாம். மாலை நேரத்துக்குப் பூமாலை. எகிப்திய எழுத்து இந்த வித்தையில்தான் வளர்ந்தது. சிந்துவெளி மீன் குறி விண்மீனைச் சுட்டலாம் என்று ஹீராஸ் பாதிரியாரும் பிறகு அஸ்கோ பர்போலா, ஐராவதம் மகாதேவன் போன்றோரும் சொன்னது இந்த அடிப்படையில்தான். ஆறு கோடும் மீனும் சேர்ந்தால் அறுமீன், அதாவது கார்த்திகை. அந்த எழுத்து இன்னும் படிக்கப்படவில்லை, ஆனால் வாதம் அழகானது. கவனியுங்கள்: தமிழோ அதன் உறவு மொழியோ தெரியாதவருக்கு அந்த மீன் மீன்தான். படம் இந்த இடத்தில் பொதுமொழியாக இருப்பதை விட்டு நம் மொழிக்குள் வந்துவிடுகிறது.

ஆச்சிக்கு இது நன்றாக வேலை செய்தது. செவ்வாய்க்கிழமைக்கு ஒரு வாய் வரைந்து சிவப்பு அடித்தேன், ஆச்சி சிரித்தாள். பட்டறை அட்டையில் ஒரு சிலேடை கூட வைக்கக் கூடாது.

ஐந்தாம் படி: இலக்கணம்

படங்கள் சேர்ந்ததும் "யார் யாரை?" என்ற கேள்வி வரும். "நாய் பையனைக் கடித்தது", "பையனை நாய் கடித்தது". எப்படி மாற்றினாலும் தமிழில் ஐ உருபு காப்பாற்றிவிடும். படத்துக்கு உருபு இல்லை. ஆகவே வரிசைதான் இலக்கணம்: செய்பவர், பொருள், செயல். வினை கடைசியில். ஒடியா, இந்தி, வங்காளம் எல்லாவற்றிலும் வினை கடைசியில்தான் என்பதால் பட்டறையில் யாருக்கும் இதைச் சொல்லித்தரவே வேண்டியிருக்கவில்லை. ஆங்கிலம் போல வினை நடுவில் வரும் வரிசையை வைத்திருந்தால் எல்லோருமே தடுமாறியிருப்பார்கள்.

வரிசை வேண்டாம் என்றால் இன்னொரு வழி உண்டு. பேச முடியாதவர்களுக்கான ஆவாஸ் செயலியைச் சென்னையில் உருவாக்கிய அஜித் நாராயணன், இலக்கணத்துக்குப் பதில் கேள்விகளால் படங்களைக் கோப்பதை 2013 வாக்கில் செய்து காட்டினார். நடுவில் "சாப்பிடு". அதிலிருந்து "யார்?", "எதை?", "எப்போது?" என்று கோடுகள், ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் ஒரு படம். எது முன்னால் எது பின்னால் என்ற கவலை இல்லை. வீட்டில் இதை அட்டையாகச் செய்யாமல் பழக்கமாகச் செய்யலாம்: ஆச்சி ஒன்றைத் தொட்டதும் "யாருக்கு? இப்பவா?" என்று நாம் கேட்க வேண்டியதுதான்.

என்னை அதிகம் படுத்தியது மறுப்பு. சிமெண்ட் மூட்டைப் படத்தின் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தேன், "சிமெண்ட் தீர்ந்துவிட்டது" என்ற அர்த்தத்தில். ஆட்கள் அன்று முழுக்க மூட்டையைத் தொடவே இல்லை; தொடக் கூடாது என்று நினைத்துவிட்டார்கள். தமிழில் இல்லை, வேண்டாம், கூடாது மூன்றும் மூன்று சொல். மூன்றுக்கும் ஒரே குறி போட்டது என் தப்பு. இப்போது கூடாது என்றால் சிவப்பு வட்டமும் குறுக்குக் கோடும், சாலைப் பலகையில் எல்லோரும் பார்த்தது. இல்லை என்றால் அந்தப் பொருளின் வெளிக்கோடு மட்டும் புள்ளி புள்ளியாக, உள்ளே காலி. வேண்டாம் என்றால் தள்ளிவிடும் உள்ளங்கை. இந்த ஒரு திருத்தத்துக்குப் பிறகு நண்பன் எனக்கு ஃபோன் பண்ணித் திட்டுவது நின்றது.

காலத்துக்கு அம்பு போடுவதற்கு முன் ஒரு நிமிஷம் நில்லுங்கள். எதிர்காலம் முன்னால் இருக்கிறது என்று நினைத்து முன்னோக்கி அம்பு போடுவார்கள். தமிழில் முன்பு என்றால் நடந்து முடிந்தது, பின்பு என்றால் இனி வருவது. முன்னாள் தலைவர் போய்விட்டவர். அம்பை விட்டுவிட்டு நாள்காட்டித் தாள் வரையுங்கள்: கிழித்த தாள் நேற்று, மேலே இருக்கும் தாள் இன்று, அடியில் எட்டிப் பார்ப்பது நாளை.

ஆறாம் படி: அறியாதவரிடம் காட்டுங்கள்

"இது தண்ணிதானே?" என்று கேட்டால் ஆமாம் என்பார்கள். "இது என்ன?" என்று மட்டும் கேளுங்கள், சொன்னதை அப்படியே எழுதுங்கள். குறிகளைச் சோதிப்பதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 9186 என்ற முறை இருக்கிறது. மூன்றில் இரண்டு பேராவது சரியாகச் சொல்ல வேண்டும் என்பது உலகத் தர அளவு. அமெரிக்க அளவு 85 சதவீதம். வீட்டு அட்டைக்கு இவ்வளவு வேண்டாம், ஐந்து பேர் போதும். ஆபத்தைச் சொல்லும் படம் என்றால் விட்டுக்கொடுக்காதீர்கள்.

எவ்வளவு தப்பாகப் போகலாம் என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி உண்டு. கதிரியக்கத்துக்கான மூவிதழ்க் குறி 1946இல் கலிபோர்னியாவின் பெர்க்லி ஆய்வகத்தில் பிறந்தது. கூடங்குளத்தில் அணுமின் நிலையம். அதே ராதாபுரம் வட்டாரம் முழுக்கக் காற்றாலை. அந்தக் குறியைக் காகிதத்தில் வரைந்து அங்கே ஒரு பையனிடம் காட்டினேன். "காத்தாடி" என்றான், யோசிக்கவே இல்லை. மூன்று இறக்கை, நடுவில் ஒரு புள்ளி. அவன் தினம் பார்ப்பது அதைத்தானே. இது அவன் குறை இல்லை. குறியைப் பார்த்து ஆபத்து புரிவதில்லை என்பதால்தான் சர்வதேச அணுசக்தி முகமை 11 நாடுகளில் 1,650 பேரிடம் சோதித்து, கதிர் பாய்வதையும் மண்டை ஓட்டையும் ஓடும் மனிதனையும் சேர்த்து, 2007இல் ஒரு புதுக் குறி வெளியிட்டது. ஆபத்தான கதிர்மூலம் உள்ளே இருக்கும் கருவியில் வைப்பதற்கான குறி அது.

பழக்கத்தால் மட்டுமே புரியும் படங்களும் உண்டு. ஆளில்லா லெவல் கிராசிங் பலகையில் இருந்தது நீராவி எஞ்சின்தான். எமோஜியில் கூப்பிய கை நமக்கு வணக்கம், அது பிறந்த ஜப்பானில் நன்றி, தயவுசெய்து. எமோஜி உலகமொழி ஆகிவிட்டது என்பவர்களிடம் அதைக் காட்டலாம்.

ஏழாம் படி: அட்டை செய்வது

சுருக்கமாக முடிக்கிறேன், இதில் ரகசியம் எதுவும் இல்லை. ஏ3 தாள், ஒவ்வொரு கட்டமும் தீப்பெட்டியைவிடப் பெரிதாக. கை நடுங்குபவருக்கு இன்னும் பெரிது, கட்டங்களுக்கு நடுவே நல்ல இடைவெளி. ஒவ்வொரு படத்துக்கும் கீழே தமிழில் சொல்லை எழுதுங்கள். அது ஆச்சிக்கு அல்ல, புதிதாக வருகிற நர்ஸுக்கு. பட்டறை அட்டையில் தமிழும் ஒடியாவும். லேமினேஷன் போடும்போது பளபளப்பில்லாத தாள் கேளுங்கள், இல்லாவிட்டால் ட்யூப்லைட் வெளிச்சத்தில் பாதிப் படம் தெரியாது. கட்டங்களின் இடத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள். ஒரு மாதத்தில் கை இடத்தைத்தான் பழகியிருக்கும், படத்தை அல்ல.

எட்டாம் படி: விட்டுக்கொடுப்பது

டொராண்டோவில் ஆசிரியர்கள் பிளிஸின் குறிகளைக் குழந்தைகளின் தேவைக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டார்கள், புதிதாகவும் சேர்த்தார்கள். பிளிஸுக்கு அது பொறுக்கவில்லை. தன் மொழி உலக சமாதானத்துக்கானது, அதை இவர்கள் கெடுக்கிறார்கள் என்று வருஷக்கணக்கில் சண்டை போட்டு, வழக்கு வரை போய், 1982இல் உரிமம் கொடுத்துச் சமரசமானார். 1985இல் காலமானார். அவர் குறிகள் இன்று வாழ்வது அந்தக் குழந்தைகள் போன்றவர்களிடம்தான்.

பட்டறையில் நான் போட்ட "ஓய்வு" படம் கட்டில். ஆட்கள் அதைத் தொடுவதே இல்லை. பேனாவால் ஓரத்தில் ஒரு பீடி வரைந்து வைத்துவிட்டார்கள். அடுத்த தடவை அச்சடித்தபோது கட்டிலை எடுத்துவிட்டுப் பீடியை வைத்தேன்.

எந்த அட்டையிலும் வலது கீழ் மூலையில் ஒரு கட்டத்தைக் காலியாக விடுங்கள். "நான் கேட்பது இதில் இல்லை" என்று சொல்ல அந்த இடம் வேண்டும். ஆச்சி அதைத் தொட்டால் நாங்கள் வரிசையாகக் கேட்போம்: ஆளா, பொருளா, இடமா? வீட்டுக்குள்ளேயா, வெளியேயா? பெரும்பாலும் ஏழெட்டுக் கேள்வியில் கிடைத்துவிடும். போன வாரம் பதினேழு ஆனது. மாடி வெயிலில் காய்ந்துகொண்டிருந்த மோர் மிளகாய், மழை வருகிறது, எடு என்பதுதான் சங்கதி.